தொற்றுநோய் டாக்டரிடம் போகிறீர்களா? வேலூர்ப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. அணைக்கட்டுப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். 2018 கார்த்திகையில் என் தம்பி, 2021 மழையில் எங்கள் சம்பந்தி, அடுத்த வருடம் என் மாமியார் என்று மூன்று பேர் தொற்றுநோய் சிறப்பு மருத்துவர்கள் கையில் பிழைத்து வந்தார்கள். மூன்று பேருக்கும் கட்டில் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்தவள் நான்தான். அன்றிலிருந்து உறவில், தெருவில், பழைய மாணவர்கள் வீட்டில் யாருக்கு நாள்பட்ட ஜொரம் என்றாலும் எனக்கு ஃபோன் வரும். "டீச்சர், அந்த டாக்டர்கிட்ட போகச் சொல்லிட்டாங்க, அவரு இன்னா பண்ணுவாரு?" சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு, என் பேச்சு இல்லை.

ஜொரத்துக்குத்தான் எல்லா டாக்டரும் இருக்காங்களே, இவரு யாரு தனியா?

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த பிறகு, தொற்றுநோய்க்கென்றே இன்னும் 3 வருடம் டி.எம். படித்தவர்கள் இவர்களில் பலர். இதய டாக்டருக்கு இதயம், எலும்பு டாக்டருக்கு எலும்பு. இவருக்கென்று சொந்தமாக ஒரு உறுப்பு கிடையாது. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி என்று எந்தக் கிருமி உடம்பின் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அதைத் தேடுவது இவர் வேலை. பல நேரம் நோயாளி இவர் பெயரில் சேர்க்கப்பட்டிருக்கமாட்டார். வேறொரு டாக்டர் கூப்பிட்டு வார்டுக்கு வருவார். "நடுவுல ஒருத்தர் வந்து ஏகப்பட்டது கேட்டுட்டுப் போனாரே, அவருக்கு எதுக்கு தனி ஃபீஸ்?" என்று பில்லைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்தான் இவர்.

எப்போ போகணும்?

சளி, இருமல், இரண்டு நாள் ஜொரத்துக்கெல்லாம் வேண்டாம். ஒரு வாரம் தாண்டியும் காரணம் தெரியாத ஜொரம், மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஆறாத சீழ்ப்புண், ஆபரேஷன் செய்த இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ், கீமோ ஓடுகிறவருக்கோ சிறுநீரகம் மாற்றியவருக்கோ ஜொரம் என்றால் உங்கள் டாக்டரே அனுப்புவார். அனுப்பவில்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள், தப்பில்லை.

மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, வலிப்பு வருகிறது என்றால் எந்தச் சிறப்பு டாக்டருக்கும் டோக்கன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்? போலீஸ் விசாரணை மாதிரி இருக்கே?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன். என் தம்பி கதையைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

தம்பிக்கு ஒடுகத்தூர் சாலையில் ஒரு டீக்கடை. ஜொரம் கண்ட முதல் நாள் மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கிப் போட்டான். மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி. அன்று சாயங்காலம் வியர்த்து ஜொரம் இறங்கியது, ராத்திரியே ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் லேபில் டைபாய்டு என்றார்கள். இன்னொரு இடத்தில் மூன்று நாள் டிரிப்ஸில் ஊசி மருந்து ஏற்றினார்கள். எட்டாம் நாள் கட்டிலில் இருந்து கழிவறைக்கு நடப்பதற்குள் நாய் மாதிரி மூச்சு வாங்கினான். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே சேர்த்த மறுநாள் காலையில் அந்த டாக்டர் வந்தார். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவே எனக்கு அதிசயம், அதுவரை பார்த்த ஐந்து டாக்டரில் ஒருவரும் உட்காரவில்லை.

"என்ன வேலை பண்றீங்க?"

"டீக்கடை சார்."

இதையே எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறான். அவர்களும் சீட்டில் டீக்கடை என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவர் விடவில்லை. "கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க? அதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?" அப்போதுதான் தம்பி சொன்னான், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வரப்போரம் ஆட்டுக்குப் புல் அறுப்பான் என்று. "புல்லு மேலயே உட்காருவீங்களா? பீடி பிடிக்க?" ஆமாம் என்றான். "கடைசியா எப்போ?" ஜொரம் வருவதற்கு முந்தின நாள்வரை. பக்கத்தில் நின்ற எங்கள் சித்தப்பாவுக்குக் கோபம். "இன்னாப்பா இது, மூச்சு முட்டிக்கினு கீறான், இவரு ஆட்டுக்குப் புல்லு அறுத்ததப் பத்தி கேட்டுக்கினு கீறாரு" என்று என் காதில் முணுமுணுத்தார்.

பிறகு டாக்டர் திரையை இழுத்துவிட்டு உடம்பைப் பார்த்தார். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு. கடைசியாக, "அரைஞாண் கயிறைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றார். கயிறு இறுக்கிய இடத்தில், பீடியால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. மிளகு அளவுதான். வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் தம்பிக்கே தெரியாது. எட்டு நாளில் நான்கு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் கயிறை யாரும் நகர்த்தவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். மாட்டின் மேலும் நாயின் மேலும் ஒட்டியிருக்கும் உண்ணி இல்லை இது. புல், புதர் ஓரத்தில் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம். துணி இறுகும் இடத்தில் கடிக்கும். கடித்து ஒரு வாரம், பத்து நாள், சில நேரம் மூன்று வாரம்வரை கழித்து ஜொரம். நம் மாவட்டத்தில் மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் அதிகம் பார்க்கிறோம் என்று டாக்டரே சொன்னார். வழக்கமாக டிரிப்ஸில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசைந்துகொடுக்காது. தம்பிக்கு மூன்று நாள் ஏறியது அதுதான்.

ஆகவே அவர் ஆடு இருக்கிறதா என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஆடு குட்டி போட்டபோது கை கொடுத்தீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா, எலி ஓடிய தண்ணீரில் நின்றீர்களா, ஜவ்வாது மலைக்குப் போய்வந்தீர்களா, வீட்டில் யாருக்காவது பழைய இருமலா, பல் பிடுங்கினீர்களா என்று ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோய் நிற்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். டாக்டர் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த பதிலைத் தேடாதீர்கள். பரீட்சை இல்லை இது. முப்பது வருடம் பரீட்சை வைத்தவள் சொல்கிறேன்.

தமிழ் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

தம்பிக்கு அடுத்த கட்டிலில் ஜார்க்கண்டில் இருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வந்த ஒரு பெரியவர். வேலூருக்கு இது புதிதில்லை. காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகைகளே வங்காள மொழியில் எழுதியிருக்கும். ஆனால் அவர் பேசியது அவர் ஊர்ப் பேச்சு, இந்திகூடச் சரியாக வரவில்லை. மகன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தால் டாக்டர் திரும்பிப் போய்விட்டு, மகன் வந்த பிறகு மறுபடி வருவார். மொழிபெயர்ப்பவர் இல்லாமல் அவர் ஆரம்பிப்பதே இல்லை. நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். நோயாளியோடு இருந்து, முதல் நாளிலிருந்து எல்லாம் தெரிந்தவர் துணைக்கு வரவேண்டும். கார் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒன்றும் தெரியாத மச்சானை அனுப்பாதீர்கள்.

அம்மாவுக்குக் கூச்சம். உடம்பு முழுக்கப் பார்க்கணும்னு சொல்றாங்களே?

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் நர்ஸ் பக்கத்தில் இருப்பார், திரை போடுவார்கள். அதுவும் முடியாது என்றால் வீட்டிலேயே நீங்கள் குளிக்க வைக்கும்போது மார்புக்குக் கீழே, அக்குள், இடுப்புப் பாவாடை நாடா இறுகும் இடம், தொடை இடுக்கு, தலைமுடிக்குள் பார்த்துவிட்டுப் போங்கள். "ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கு" என்று நீங்களே சொன்னால் பாதி வேலை முடிந்தது. எல்லோருக்கும் பொருக்கு இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்பதால் அந்த நோய் இல்லை என்று ஆகாது.

இவ்ளோ பெரிய ஜொரத்துக்கு இந்தச் சின்ன மாத்திரையா?

சித்தப்பா கேட்ட கேள்வி. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒரு அட்டை விலை ஆம்பூர் பிரியாணி அரை பிளேட்டைவிடக் குறைவு. வேளையோடு கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் ஜொரம் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். தம்பி மாதிரி நுரையீரல்வரை போய்விட்டவர்களுக்கு நரம்பு வழியாக. அப்படிக் கடுமையாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது அது. நம் வரப்போரத்து நோய்க்கு நம் ஊரிலிருந்தே விடை போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையாக மாறினால் சில சங்கதிகள். நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்கவேண்டும். விழுங்கிய கையோடு படுத்தால் நெஞ்சுக்குழியில் புண்ணாகும். பால், இரும்புச் சத்து மாத்திரை, வாயு மருந்து இவற்றோடு சேர்த்துப் போடக்கூடாது. வெயிலில் போனால் தோல் சிவந்து எரியும். வேலூரில் இருந்துகொண்டு வெயிலில் போகாதே என்றால் எங்கே போவது என்று தம்பி கேட்டான். முழுக்கைச் சட்டையும் துண்டும்தான் வழி.

வைடால் டெஸ்ட்டில் டைபாய்டுன்னு வந்திருக்கே, பிறகு எதுக்கு வேற டெஸ்ட்?

ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டமுடியாது. எப்போதோ வந்த தொற்று, போட்ட தடுப்பூசி, வேறு ஏதோ ஜொரம் என்று எதனாலும் அது பாசிட்டிவ் காட்டலாம். டைபாய்டை உறுதி செய்ய ரத்தக் கல்ச்சர். நம் பக்கத்தில் 'டைபாய்டு' என்று சொல்லி இட்லி மட்டும் கொடுத்துப் பட்டினி போட்ட ஜொரங்களில் எத்தனை நிஜமான டைபாய்டோ.

கல்ச்சர் ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள்? பெரிய ஆஸ்பத்திரிதானே?

கிருமி வளர வேண்டும், அதுதான் காரணம். பாட்டிலில் ரத்தத்தை ஊற்றி உரிய சூட்டில் வைத்து அது பெருகும்வரை காத்திருக்கிறார்கள். தோசை மாவு புளிக்க ஒரு ராத்திரி என்றால், மாவுக்கு அவசரம் தெரியுமா? ஓரிரு நாளில் முதல் தகவல், ஒன்றும் வளரவில்லை என்று சொல்ல 5 நாள். வளர்ந்தால் எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று இன்னொரு பட்டியல் வரும். காசநோய்க் கிருமி இன்னும் சோம்பேறி, வாரக்கணக்கு ஆகும்.

இரண்டு கையிலும் ரத்தம் எடுப்பார்கள், நிறைய எடுப்பார்கள். "ரத்தத்த வித்துடுவாங்களோ" என்று சந்தேகப்பட வேண்டாம். குறைவாக எடுத்தால் கிருமி சிக்காது. இரண்டு கையிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது தோலில் இருந்து ஒட்டியது இல்லை என்று தெரியும். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுத்தால்தான் பலன் அதிகம். ஏற்கெனவே நாலு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனால் கிருமி பாதி செத்துக் கிடக்கும், வளராது, பெயரும் தெரியாது.

ஏற்கெனவே போட்டுட்டோமே. சொன்னா திட்டுவாரா?

திட்டலாம். சொல்லுங்கள். மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரையின் அட்டையை, அட்டை இல்லாவிட்டால் மீதி மாத்திரையைக் காட்டுங்கள். பெயர் தெரியாத ஊசி போட்டிருந்தால் போட்ட இடத்தில் போய்ப் பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஜொரம் ஒரு நாள் அடங்கி நோய் உள்ளே வளர்ந்திருக்கும். தம்பிக்குப் போட்ட முதல் ஊசியின் பெயர் எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இருந்த ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திட்டார். பயமா இருக்கு.

எனக்கும் பயமாக இருந்தது. சம்பந்திக்கு ஐந்து மருந்து ஓடிக்கொண்டிருந்தது. தொற்றுநோய் டாக்டர் வந்ததும் மூன்றை நிறுத்தினார். மருந்து குறைந்தால் அக்கறை குறைந்துவிட்டது என்று நமக்குத் தோன்றிவிடும். அவர் சொன்னது: "எதுக்குக் கொடுக்கிறோம்னு என்னால ஒரு வரியில சொல்ல முடியாத மருந்தை நான் கொடுக்கமாட்டேன்." டெங்கு போன்ற வைரஸ் ஜொரத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தேவையில்லாமல் போட்டால், தேவைப்படும் நாளில் கிருமி பழகிப்போய் நிற்கும். நீங்களும் கேளுங்கள்: இது எதற்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவீர்கள்?

சம்பந்திக்கு என்ன ஆச்சு?

அவருக்கு ஆற்காட்டுப் பக்கம் பாலாற்றங்கரையில் கழனி. ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது என்று ஊரே கேலி பேசும் பாலாறு, 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது ஞாபகம் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று மோட்டாரை மீட்டார். காலில் வெடிப்பு, உடம்பில் பத்து வருடச் சர்க்கரை. சில வாரம் கழித்து ஜொரம், இடது விலாவில் வலி, ஸ்கேனில் மண்ணீரலில் சீழ்க்கட்டிகள்.

முதல் லேப் ரிப்போர்ட்டில் வேறு கிருமியின் பெயர் வந்தது. தொற்றுநோய் டாக்டர் அதைப் பார்த்தார், சர்க்கரை, கழனி, வெள்ளம், மண்ணீரல் என்று அடுக்கிப் பார்த்தார். "இது ஒத்துவரலையே, மறுபடி பாருங்க" என்று லேபுக்கு அவரே ஃபோன் போட்டார். மெலியாய்டோசிஸ் என்று வந்தது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். லேபில் சூடோமோனாஸ் என்று தவறிப்போவது உண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி, பிறகு குறைந்தது 3 மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. அந்த மூன்று மாதம்தான் பெரிய போராட்டம். ஜொரம் போய்ப் பசி எடுத்ததும், "இன்னும் எதுக்கு" என்று நிறுத்தப் பார்த்தார். பாதியில் விட்டால் திரும்பி வரும் நோய் இது. இடையிடையே ரத்தத்தில் சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்க்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்து வரவேண்டும். வரவில்லையென்றால் டாக்டரின் உதவியாளர் ஃபோன் செய்து கேட்பார். இப்போது முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் கழனியில் இறங்குகிறார். முதல் போகம் ஊரே சிரித்தது. அடுத்த போகத்தில் இன்னும் இரண்டு பேர் வாங்கினார்கள்.

எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதியிருக்கார். எங்களைச் சந்தேகப்படுறாரா?

இல்லை. நாள்பட்ட ஜொரம், காசநோய், தீராத பேதி என்றால் எல்லோருக்கும் கேட்பார்கள். காரணத்தைச் சொல்லி உங்கள் சம்மதத்தோடுதான் எடுக்கவேண்டும். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. பாசிட்டிவ் என்றாலும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம். தினமும் போட்டால் மற்றவர்களைப் போல வாழ்கிறார்கள்.

வேலூருக்கும் இதற்கும் பழைய உறவு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தது சி.எம்.சி. ஆய்வகத்தில்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான்.

டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. தெருவுக்குத் தெரிஞ்சா?

மாமியாருக்கு முதுகெலும்பில் டி.பி. இருமலே கிடையாது. ஒரு வருடமாக இடுப்பு வலி, எண்ணெய்க் கட்டு, பத்துப் போடுவது, பெல்ட் எல்லாம் ஆனது. ராத்திரி வியர்வையும் எடை குறைந்ததும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. பார்த்துத் தொற்றுநோய் டாக்டரிடம் அனுப்பினார். அவர் உடனே மருந்து எழுதவில்லை. "ஊசி விட்டுத் துளி எடுத்துப் பார்த்துட்டுத்தான்" என்றார். எனக்கு எரிச்சல். வந்த முடிவில் கிருமியும் உறுதியானது, டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்கும் என்பதும் தெரிந்தது. குருட்டாம்போக்கில் ஒரு வருடம் மருந்து விழுங்குவதைவிட ஒரு வாரம் காத்திருந்தது மேல் என்று பிற்பாடு புரிந்தது.

நுரையீரல் டி.பி.க்குச் சாதாரணமாக 6 மாதம். முதுகெலும்புக்கு மாமியாருக்கு 12 மாதம் என்றார். முதல் நாள் மாத்திரை போட்ட மதியம் கழிவறையிலிருந்து ஒரே அலறல், "ரத்தமா போவுது!" ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் போகும். டாக்டர் சொல்லியிருந்தார், எனக்குத்தான் மாமியாரிடம் சொல்ல மறந்துபோனது. கண் பார்வை மங்கினாலோ, நிறம் மாறித் தெரிந்தாலோ, கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னார். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும், ரிஃபாம்பிசின் அவற்றின் பலத்தைக் குறைத்துவிடும்.

தனியாரில் பார்த்தாலும் டி.பி.யை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். அதனால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. மருந்து இலவசம், சத்துணவுக்குப் பணம் வங்கிக் கணக்கில் வரும். மாமியார் காலத்தில் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000. பயம் வேறு இடத்தில். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் தெரு கேட்கும், அப்போது நாத்தனார் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொன்னேன். சிரிக்கவில்லை. முதுகெலும்பு டி.பி. அடுத்தவருக்கு ஒட்டாது, நுரையீரலில் இல்லை என்று எக்ஸ்ரே பார்த்தாகிவிட்டது என்று நாத்தனாரை நேரில் உட்கார வைத்துச் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குப் பதில் ஃபோனில் விசாரிக்க முடியுமா என்று பணியாளரிடம் அவரே பேசினார். மருந்தைவிட அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் வீட்டில் சண்டையை நிறுத்தியது.

காட்பாடி தாண்டிக் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லியே ஒரு காலத்தில் ஆட்களை ஒதுக்கி வைத்த ஊர் இது. என் சிறு வயதில் அந்த வழி பஸ்ஸில் சிலர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அந்தப் பழக்கம் நோய் பெயர் மாறினாலும் போகவில்லை.

தனி அறையில போட்டு மாஸ்க் மாட்டிட்டாங்க. ஆள் பிழைப்பாரா?

அறை மாறியதற்கும் பிழைப்பதற்கும் சம்பந்தமில்லை. காற்றில் பரவும் நோயென்று சந்தேகம் இருந்தால் முடிவு வரும்வரை அப்படித்தான். முடிவு வந்ததும் வெளியே விடுவார்கள். உண்ணிக் காய்ச்சலோ மெலியாய்டோசிஸோ பார்க்க வந்தவருக்கு ஒட்டுவதில்லை. ஆனாலும் கையைக் கழுவுங்கள், கட்டிலில் உட்காராதீர்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

நிலவேம்பு கொடுக்கலாமா? வேப்பிலை வைக்கலாமா?

மறைக்காமல் கேட்டுவிடுங்கள். எங்கள் டாக்டர் வேப்பிலையை எடுக்கச் சொன்னதில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டதைக் கேட்டு, "ஊத்தும்போது சொல்லுங்க" என்றார். கஷாயம், லேகியம், பொடி எதுவாக இருந்தாலும் பெயரைச் சொல்லச் சொன்னார், டி.பி. மாத்திரையோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க. அம்மை போட்டவரைக் குளிக்கவைக்காமல், மருந்தே கொடுக்காமல் வைத்திருப்பதை மட்டும் கண்டிப்பார். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நுரையீரலுக்கு இறங்கலாம்.

எல்லாம் நல்லதாவே சொல்றீங்களே, கெட்ட அனுபவம் இல்லையா?

இருக்கிறது. ஒரு இடத்தில், எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசிவிட்டு, தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அவன் தான் சாகப்போவதாக முடிவே செய்துவிட்டான். இன்னொரு முறை முடிவு வந்து இரண்டு நாள் யாரும் பார்க்காமல் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. காலையில் ஒரு ஜூனியர் 'ஆபரேஷன்' என்பார், மதியம் இன்னொருவர் 'தேவையில்லை' என்பார்.

சண்டை போட்டுப் பார்த்தேன், பலனில்லை. பிறகு ராத்திரியே மூன்று கேள்வி எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றுக்கு மேல் இல்லை. ரவுண்ட்ஸ் வரும்போது சீட்டை நீட்டினேன். கையில் காகிதம் இருந்தால் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. ரிசல்ட் வந்ததா என்று வார்டு நர்ஸிடம் தினம் ஒரு முறை கேட்டேன், நச்சரிக்காமல். அவர்கள்தான் உண்மையில் எல்லாம் தெரிந்தவர்கள்.

போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையில். சாப்பிட்ட மருந்துகளின் அட்டை. ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அது எந்த நோய்க்குச் செல்லும் என்று சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயரும் என்ன ஆனது என்பதும். பிறகு ஜொரக் கணக்கு. நான் கணக்கு டீச்சர் என்பதால் தம்பிக்குக் கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டிருந்தேன், நாளைக்கு நாலு முறை, மாத்திரை போட்ட நேரம் சிவப்புப் பேனாவில். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் போதும். "ராத்திரி நெருப்பா கொதிச்சுது" என்பதைவிட "ராத்திரி 11 மணிக்கு 103" அவருக்கு உதவும்.

குணமான பிறகும் ஏன் இவ்ளோ அசதி?

தம்பிக்கு இரண்டு மாதம் இருந்தது. டீ ஆற்றக் கை ஓங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள், போனோம். கடைசி முறை டாக்டர் ஆடுகளை விசாரித்தார். இப்போதும் அவன்தான் புல் அறுக்கிறான், முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வந்ததும் வாசலிலேயே துணியை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளிக்கிறான். போன மாதம் மக்கள்தொகைக் கணக்கோ ஏதோ எடுக்க வந்த பெண் தொழில் என்ன என்று கேட்டாளாம். டீக்கடை, ஆறு ஆடு, அரை ஏக்கர் கழனி, காலையில் வரப்புல புல்லு அறுக்கிறது, போன வாரம் பல் பிடுங்கினேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.